வெள்ளிப் பெட்டி – 4: சிங்கப்பூரில் வாங்கிய சாமான்கள்

சென்ற கிழமை கதையை டெல்லியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 2002. எடோ பௌமன் என்ற ஒல்லாந்தர் கையில் ஒரு தட்டு. அதன் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். வெளியிட்டது நாய் கிராமபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே எச்.எம்.வி.

ஒல்லாந்தர் என்றதும் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை ஞாபகம் வந்தால் அது எங்கள் பிழையல்ல. புளியங்கூடலும் சரவணையும் நாரந்தனையும் இருக்கிற இந்தத் தீவுக்கே தங்கள் ஊர்ப் பெயரை வைத்து 'லைடன்' என்று வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனவர்கள் அவர்கள். ஆனால் பௌமன் கறுவாவுக்கும் யானைக்கும் வந்தவரில்லை. பழைய இந்திப் படப் பாட்டுத் தட்டுகளைத் தேடி இந்தியாவெங்கும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

தங்கியிருந்த ஹோட்டலுக்குத் திரும்பினார். கூடக் கொண்டுவந்திருந்த சிறிய பிளேயரில் தட்டை வைத்தார். ஊசி இறங்கியது. கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியது. காரணம், அது ஆசிட் ஹவுஸ் போலவே கேட்டது.

முன் அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு பந்தி. ஆசிட் ஹவுஸ் என்பது 1980களின் நடுவில் சிக்காகோவின் கறுப்பின இளைஞர்கள் இரவு நடன விடுதிகளுக்காக உண்டாக்கிய இயந்திர இசை. ஃபியூச்சர் என்ற பெயரில் கூடிய டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹேர்ப் ஜே ஆகிய மூவரும், ரோலண்ட் கம்பனி கைவிட்ட டி.பி.-303 என்ற வெள்ளிநிறப் பெட்டியை ஓடவிட்டு அதன் குமிழ்களைக் கண்டபடி திருகினார்கள். வந்த சத்தத்தை நாடாவில் பதிந்து, 'மியூசிக் பொக்ஸ்' விடுதியில் தட்டுப் போடும் ரோன் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டார். முதல் முறை சனம் ஆடுமிடத்தை விட்டு விலகிப் போனது. நான்காம் முறை அதே சனத்துக்கு வெறி பிடித்தது. அதுதான் 1987இல் தட்டாக வெளிவந்த 'ஆசிட் ட்ராக்ஸ்'. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பெடியள் பெட்டையள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஆடினார்கள்.

உலகம் எழுதி வைத்திருக்கும் வரலாறு இதுதான். ஆனால் பௌமன் கையிலிருந்த தட்டு 1982இல் பதிவானது. எங்கள் கணக்கில் சொன்னால் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு அடுத்த வருடம், கறுப்பு யூலைக்கு முந்தின வருடம். சிக்காகோவுக்கு ஐந்து வருடம் முன்பு, பம்பாயில், சர்தார்ஜி ஒருவர் அதே வெள்ளிப் பெட்டியில் பைரவி வாசித்திருக்கிறார்.

நம்ப முடிகிறதா? பலராலும் முடியவில்லை.

* * *

பௌமன் 2010இல் தன் 'பொம்பே கொனெக்ஷன்' நிறுவனத்தின் மூலம் அந்தத் தட்டை மறுபதிப்பாக வெளியிட்டபோது, இசை தெரிந்தவர்களே பலர் இது மோசடி என்றார்கள். 'இப்படி ஒரு சர்தார்ஜி இல்லவே இல்லை, இது எபெக்ஸ் ட்வின் செய்த குறும்பு' என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

அவர்கள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். எபெக்ஸ் ட்வின் என்ற ரிச்சர்ட் ஜேம்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வோலில் வளர்ந்தவர். வீட்டு அறையில் செய்த சோதனைப் பதிவுகளைத் தொகுத்தே பெயர் எடுத்தவர். 1992இல் வந்த அவருடைய புகழ்பெற்ற தொகுப்பின் தலைப்பிலேயே 85 முதல் 92 வரை என்று ஆண்டுகள் இருக்கின்றன. ஏ.எஃப்.எக்ஸ்., போலிகன் விண்டோ, கோஸ்ரிக் விண்டோ என்று ஆளுக்குப் பல முகமூடிகள். 2007இல் 'த டஸ்' என்ற பெயரில் ஒரு தட்டு வந்தது. பிரையன், கரென் என்ற இருவர் செய்தது என்றார்கள். அந்த இருவரும் இந்த ஒருவரே. இப்படி ஒரு ஆள் உலாவுகிற துறையில், மூன்று வருடம் கழித்து, கேள்விப்படாத பெயரில், கேள்விப்படாத ஆண்டில் பதிவான ஒரு ஆசிட் தட்டு தலைகாட்டினால் யார்தான் சந்தேகப்படாமல் இருப்பார்கள்?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. ஆளைக் காட்ட வேண்டும்.

ஆள் மும்பாயில்தான் இருந்தார். நல்ல சுகமாக, வீட்டில், தன் வாத்தியங்களோடு. பௌமன் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தபோது அவருக்கே ஆச்சரியம். எத்தனையோ படங்களுக்கு வாசித்திருக்கிறேன், இந்தத் தட்டைப் பற்றி விசாரிக்க ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கிறாரே என்று. ஆசிட் ஹவுஸ் என்ற பேச்சே அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

* * *

சரண்ஜித் சிங் 1940இல் பிறந்தவர். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள். புளியங்கூடலிலும் கேட்டிருப்பார்கள், ஐயமில்லை. இந்தியாவில் 1952இல் தகவல் அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் சனம் கெட்டுவிடும் என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கி வைத்தார். இந்திப் பாட்டுக்காரர்கள் நேராக வந்து சேர்ந்த இடம் கொழும்பு. இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா'வுக்காக வட இந்தியாவே கிழமைக்கு ஒரு இரவு வானொலிக்கு முன்னால் குந்தியிருந்தது. அந்த ஒலியின் ஓரத்தில் குடியிருந்த எங்களுக்கு இந்தி ஒரு சொல்லும் விளங்காது. மெட்டு மட்டும் மனப்பாடம்.

1971இல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. பர்மன் இசை. அதில் டிரான்சிகோர்ட் என்ற மின் அக்கோர்டியனை வாசித்தவர் சரண்ஜித் சிங். சங்கர்–ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் என்று அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் எல்லோரிடமும் கிற்றார், பேஸ் கிற்றார், பிறகு சிந்தசைசர் வாசித்திருக்கிறார். படத்தின் பெயர்ப்பட்டியலில் இப்படிப்பட்டவர்களின் பெயர் வராது. காலையில் ஒரு ஸ்டூடியோ, மத்தியானம் இன்னொன்று. சொன்னதை வாசித்துவிட்டு, சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற தொழில்.

அந்தத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. மற்றவனிடம் இல்லாத சத்தம் உன்னிடம் இருந்தால் அழைப்பு உனக்கு வரும். ஆகவே புது வாத்தியம் எது வந்தாலும் சரண்ஜித் சிங் தேடிப் போய் வாங்கினார். இந்தியாவில் அன்று இறக்குமதிக்கு அனுமதியும் வரியும் கழுத்தைப் பிடித்தன. வாங்கும் இடம் சிங்கப்பூர். எங்கள் ஆட்களுக்கும் அது புதிதல்ல. சிங்கப்பூர்ச் சாமான் என்றால் தீவுப் பகுதியில் எந்த வீட்டிலும் அலுமாரியில் வைத்துப் பூட்டிய சாமான்தான்.

அவர் கொண்டுவந்தது மூன்று. ரோலண்ட் ஜுபிட்டர்-8 என்ற பெரிய கீபோர்ட். ஜப்பானில் அதன் விலை 9,80,000 யென். இரண்டாவது டி.ஆர்.-808 என்ற தாளப் பெட்டி. மூன்றாவது நம் கதாநாயகன், டி.பி.-303. அமெரிக்காவில் 395 டொலர். மூன்றில் இளையதும் மலிவானதும் அதுதான்.

* * *

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

ரோலண்டின் பொறியியலாளர் ததாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. 1981இன் கடைசியில் சந்தைக்கு வந்தது. தனியாக வாசிக்கும் கிற்றார்க்காரருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் இந்தப் பெட்டி வாசிக்கும் என்பதுதான் கம்பனியின் எண்ணம். ஆனால் உண்மையான பேஸ் கிற்றார் போல அது ஒருநாளும் கேட்டதில்லை. சுரங்களை முதலில் ஒரு தரம் அடிக்க வேண்டும், அவற்றின் காலத்தை வேறாக இன்னொரு தரம் அடிக்க வேண்டும். ஒன்று பிசகினால் பதினாறு படிகளும் பிசகும். வாங்கியவர்கள் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு மூலையில் வைத்தார்கள். பத்தாயிரமளவில் செய்துவிட்டு 1984இல் கம்பனி நிறுத்திக்கொண்டது. அதனால்தான் சிக்காகோப் பெடியளுக்கு அது பழைய சாமான் விலையில் கிடைத்தது.

பெட்டியின் மேல்வரிசையில் ஆறு சின்னக் குமிழ்கள். அவற்றில் ஒன்றின் வேலை மட்டும் விளங்கினால் போதும். வாயைக் குவித்து 'ஊ' என்று தொடங்குங்கள். சுருதியை மாற்றாமல், மூச்சை விடாமல், உதட்டை மெல்ல விரித்து 'ஈ'க்கு வாருங்கள். சுரம் அதேதான், நிறம் மட்டும் மாறுகிறது. அந்தக் குமிழைத் திருகும்போது நடப்பதும் அதுவே. பக்கத்துக் குமிழையும் ஏற்றிவிட்டால் அந்த 'ஈ' கீச்சிடும், ஊளையிடும், தண்ணீருக்குள் முங்கி எழும். ஆசிட் என்று உலகம் சொல்வது இந்தக் கீச்சைத்தான்.

இன்னொரு வசதி இருக்கிறது. அதுதான் நம் கதைக்கு முக்கியம். ஒவ்வொரு சுரத்துக்கும் 'சிலைட்' என்று ஒரு குறி வைக்கலாம். குறி வைத்த சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் பெட்டி துள்ளிப் போகாது, வழுக்கிப் போகும். பியானோவாலும் ஆர்மோனியத்தாலும் முடியாத காரியம். நம் சங்கீதத்தில் ஜாரு என்கிறோம், வடக்கே மீண்ட் என்கிறார்கள்.

இப்போது பம்பாய் வீட்டுக்கு வாருங்கள். 1982. நாடெங்கும் டிஸ்கோ. 1980இல் 'குர்பானி' படத்தில் நாஸியா ஹசன் பாடிய பாட்டு பற்ற வைத்த நெருப்பு, பப்பி லாஹிரியின் கையில் 'டிஸ்கோ டான்ஸர்' ஆக எரியப் போகிறது. ஸ்டூடியோவில் நாள் முழுக்க அதே தாளத்தை வாசித்து வீட்டுக்கு வருகிறார் சரண்ஜித் சிங். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. டிஸ்கோத் தாளத்தை வைத்துக்கொண்டு தபலாவை நிறுத்திவிட்டு ராகம் வாசித்தால் என்ன? பின்னாளில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் இவ்வளவுதான். பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

மிடி என்ற பொது மொழி இயந்திரங்களுக்கு வருவதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. மூன்று பெட்டிகளையும் ஒரே காலத்தில் ஓட வைப்பது எப்படி என்று வீட்டிலிருந்தே தடவித் தடவிக் கண்டுபிடித்தார். 808 தாளத்தை அடிக்கும். 303 ராகத்தின் சுரங்களில் ஒரு துண்டை எடுத்து வழுக்கி வழுக்கித் திரும்பத் திரும்ப ஓட்டும். மேலே ஜுபிட்டரில் அவருடைய விரல் ராகத்தை விரிக்கும். வாசித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. எச்.எம்.வி. ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டே நாளில் பதிந்து முடித்தார்.

* * *

பத்து ராகங்கள்: பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் பாதிக்கு மேல் உறவுமுறை. பூபாலி நம் பூபாளம் அல்ல, மோகனம். மால்கௌன்ஸ் இந்தோளம். யமன் கல்யாணி. பைராகியைக் கேட்டால் ரேவதி என்பீர்கள், கலாவதியை வலஜி என்பீர்கள். அவர்களுடைய தோடி நமக்குச் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்கள் அவர்களுடைய பைரவியில் கிடக்கின்றன.

அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தில் இந்தோளம் கேட்டவர் இந்தத் தட்டின் மால்கௌன்ஸைக் கேட்டால் முதல் நிமிடத்தில் முகம் சுளிப்பார். சுளிக்கத்தான் வேண்டும். கீபோர்ட் சமமாகப் பிரித்த பன்னிரண்டு படிகளில்தான் நிற்கும். காந்தாரத்தை அசைத்துப் பிடிக்கும் கலை அதற்குத் தெரியாது. ராகம் என்ற அளவில் பார்த்தால் இது எலும்புக்கூடு. நான் பூசி மெழுக விரும்பவில்லை.

ஆனால் இரண்டாவது நிமிடத்தில் கீழே கவனியுங்கள். ஒரே துண்டு, விடாமல். தம்புரா செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதானே: மாறாமல் நின்று மேலே மாறுவதற்கு இடம் கொடுப்பது. சிக்காகோக்காரர்கள் பாட்டு, வரி, பல்லவி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள். சரண்ஜித் சிங்குக்குக் கழற்ற எதுவும் இருக்கவில்லை. ஒரு ராகம், ஒரு சுருதி, மெல்ல மெல்ல ஏறும் விரிவு என்பது அவருக்கு வீட்டுப் பழக்கம். மேற்கத்திய பேஸ் கிற்றாரைப் போலப் பாவனை செய்யத் தெரியாமல் தோற்ற ஒரு பெட்டிக்கு அவர் வேறு வேலை கொடுத்தார். அதை அது ஒழுங்காகச் செய்தது.

அப்படியானால் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவர்தானா? 2010க்குப் பிறகு இந்தியப் பத்திரிகைகள் பல அப்படித்தான் தலைப்புப் போட்டன. எனக்கு அது சம்மதமில்லை. சிக்காகோவில் இந்தத் தட்டைக் கேட்டவர் யாரும் இல்லை. குமிழைத் திருகித் திருகிச் சனத்தை வெறியேற்றியது அவர்கள். சரண்ஜித் சிங் அந்த அளவுக்குத் திருகவில்லை, அவருடைய கவனம் ராகத்தில் இருந்தது. கறுப்பின இளைஞர்கள் பாடுபட்டு உண்டாக்கிய ஒன்றை, ஆண்டைக் காட்டி நாம் பறிப்பது நேர்மையில்லை. ஐந்து வருடம் முன்னதாக, தன் பாட்டில், வேறொரு தேவைக்காக அதே இயந்திரத்தின் அதே குணத்தைப் பிடித்தார் என்பதே அவருக்குரிய புகழ். அது சின்னப் புகழும் அல்ல.

1982இன் இந்தியா அவருக்கு என்ன செய்தது? வானொலியில் சில துண்டுகள் போனதோடு சரி. தட்டு விற்கவில்லை. டிஸ்கோ கேட்பவர்களுக்கு அதில் பாட்டு இல்லை, சங்கீதம் கேட்பவர்களுக்கு அதில் மரியாதை இல்லை. சரண்ஜித் சிங் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த நாள் வேறு ஸ்டூடியோவில் வேறு பாட்டு இருந்தது. இருபது வருடம் தட்டு கடைகளின் அடுக்கில் கிடந்தது, டெல்லியில் ஒரு ஒல்லாந்தர் கை படும் வரை.

மறுபதிப்புக்குப் பிறகு எழுபது வயதைக் கடந்த மனிதரை ஐரோப்பாவின் மேடைகளுக்கு அழைத்தார்கள். அதே ஜுபிட்டரும் 808உம் 303உமாய்ப் போய் நின்று வாசித்தார். எதிரில் ஆடியவர்களில் பலர் அந்தத் தட்டு பதிவான பிறகு பிறந்தவர்கள். குறும்பு, மோசடி என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. 2015 யூலையில் மும்பாயில் காலமானார்.

* * *

கதை முடிந்தது என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டாம்.

இந்தியாவின் முதல் மின் இசைக்காரர் சரண்ஜித் சிங் என்று 2010களில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், லண்டனிலிருந்து பௌல் பேர்காஸ் என்ற இசைக்காரர் அகமதாபாத்துக்கு வந்தார். 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அவர் தேடியது ஒரு வதந்தியை. 1969இல் நியூயோர்க்கிலிருந்து டேவிட் டியூடர் என்ற பியானோக் கலைஞர் ஒரு பெரிய மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து அங்கே பொருத்திக் கொடுத்தாராம் என்பதே அந்த வதந்தி. வதந்தி உண்மையானது. அதைவிடப் பெரியது காப்பகத்துக்குள் இருந்தது: 27 ஒலிநாடாச் சுருள்கள்.

சரண்ஜித் சிங் சிங்கப்பூருக்குப் போவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னதாக, அந்த நாடாக்களில் மூக்கை இயக்கியவர்கள் யார்? 1946இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜ் என்ற அமெரிக்க இசைமேதைக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் குரலும் கையும் இந்தக் கதைக்குள் எப்படி வந்தன? 1972க்குப் பிறகு அந்த நாடாக்கள் ஏன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன? அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த தொகுப்பு தட்டாக வெளிவர 2023 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

அகமதாபாத்துக்கு அடுத்த கிழமை போவோம். அதற்குள் முடிந்தவர்கள் அந்தத் தட்டின் கலாவதியை ஒரு தரம் கேட்டுவிட்டு வாருங்கள். கீழே ஓடும் பேஸை மட்டும் கவனித்தால் போதும்.

(தொடரும்)